கம்ப்யூட்டர் முழுகியது, கடை முழுகவில்லை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளைக்கு,

போன புதன்கிழமை காலையில் நம் கடையின் ஆபீஸ் அறைக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. கம்ப்யூட்டர் முழுகிச் செத்துப்போனது. அன்று சாயங்காலம் புது ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கான குழாய்ச் சாமான் ஆர்டர் முழுவதும் நமக்கே கிடைத்தது. முதல் சேதி தானாக வந்தது, கடைசிச் சேதி உங்களால் வந்தது. அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். நீங்களும் என் மகளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். என் தம்பிக்கு மட்டும் தண்ணீரில் நின்ற ஜலதோஷம் இன்னும் விடவில்லை. தும்மலுக்கு ஒரு தரம் என் பெயரைச் சொல்லித் திட்டுகிறான்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன லீவுக்கு வந்திருந்தபோது நீங்கள் ஓய்வெடுக்காமல் கடையில் உட்கார்ந்து, கணக்கு, சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் விவரம், கம்பெனிக்காரர்கள் கொடுத்த தரச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் கிளவுடுக்கு ஏற்றியபோது நான் உங்களுக்குக் கொடுத்த குடைச்சல் கொஞ்சமா நஞ்சமா? கிளவுட், அதாவது மேகம், என்றதும் ஊரில் எல்லோரும் சொல்கிற அந்த மழை ஜோக்கைத் தம்பி சொன்னான். அதை இங்கே திருப்பி எழுதி உங்கள் நேரத்தைக் கெடுக்க மாட்டேன். நான் கேட்டது வியாபாரக் கேள்வி. "மாப்பிள்ளை, என் கணக்கு சரியா எந்த ஊர்ல, எந்தக் கட்டடத்துல, எத்தனாவது ரூம்ல இருக்கும்?" என்று கேட்டேன். "ஒரே இடத்துல இருக்காது மாமா, பல இடத்துல பிரதி இருக்கும். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும்" என்றீர்கள். "பல இடத்துல வச்சா பல பேர் திருடுவானே" என்றேன் நான். அப்போது என் மகள்தான், உங்கள் வீட்டம்மாதான், உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "அப்பா, பாங்க்ல பணம் போடறீங்களே, உங்க நோட்டை மட்டும் தனியா ரப்பர் பேண்ட் போட்டு எடுத்து வச்சிருப்பாங்கன்னா நினைக்கிறீங்க?" பெண்ணைப் படிக்க வைத்தால் இப்படித்தான், முதல் அடி நமக்கே விழும்.

சரி என்று ஒத்துக்கொண்டேன், ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? நானும் தம்பியும் கூட்டு ஆரம்பித்த நாளிலிருந்து கடையின் இரும்பு அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அவனிடம், ஒரு சாவி உங்கள் அத்தையிடம். அவனுக்குத் தெரியாமல் நான் திறக்க முடியாது, எனக்குத் தெரியாமல் அவன் திறக்க முடியாது. இத்தனை வருஷம் கூட்டு உடையாமல் இருப்பதற்குப் பாசம் ஒரு காரணம் என்றால், அந்த இரண்டு பூட்டு ஒன்பது காரணம். அதே மாதிரி கிளவுடுக்கும் வேண்டும் என்று அடம் பிடித்தேன். பாஸ்வேர்டு தம்பிக்கு மட்டும் தெரியும். திறக்கும்போது வருகிற நம்பர் உங்கள் அத்தையின் போனுக்கு மட்டும் போகும். "உங்க போனுக்கும் சேர்த்து வச்சுக்கலாமே மாமா" என்று நீங்கள் எவ்வளவோ சொன்னீர்கள். "எங்க முறை இதுதான் மாப்பிள்ளை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். கடைக் கம்ப்யூட்டர் தெரிந்த முகம் என்பதால் அது தினமும் நம்பர் கேட்கவில்லை. நானும் அந்த இரண்டாவது பூட்டை மறந்தே போனேன். பூட்டு மறக்கவில்லை.

இனி தண்ணீர்க் கதைக்கு வருகிறேன். கடைக்கு மேலே நம் வீடு, ஆபீஸ் அறைக்கு நேர் மேலே பின்பக்கக் குளியலறை, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்தக் குளியலறை வால்வு சொட்டுகிறது என்று உங்கள் அத்தை சொல்லிக்கொண்டே இருந்தாள். நானும் பொறுப்பாகக் கடையிலிருந்து ஒரு வால்வை எடுத்துக்கொண்டு போய் மாட்டினேன். அது புத்தம் புதுசு இல்லைதான். ஒரு பிளம்பர் வாங்கிப்போய்த் திருப்பிக் கொடுத்தது. கம்பெனிக்கு அனுப்பினால் அனுப்புகிற கூலி வால்வு விலைக்கு மேல் ஆகும்; குப்பையில் போட மனசு வருமா? அதுவும் சொட்டியது. உங்கள் அத்தை அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டுக் கடைக்கே இறங்கி வந்து, "என்னங்க, நீங்க மாத்தின வால்வும் சொட்டுது" என்றாள். கடையில் நல்ல கூட்டம். குழாய்க் கடைக்காரன் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று வாடிக்கையாளர் காதில் விழுந்தால் என்ன ஆவது? "சொட்டவும் இல்லை ஒண்ணும் இல்லை. குழாய் விக்கிறவனுக்கே குழாய் பாடமா? போய் வேற வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டேன். கூட்டத்தில் ரெண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் வினை. அன்றிலிருந்து உங்கள் அத்தை என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். வாளியையும் எடுத்துவிட்டாள். சொட்டவே இல்லாத வால்வுக்கு வாளி எதற்கு?

செவ்வாய் ராத்திரி எல்லோரும் தூங்கும்போது அந்த வால்வு பிய்த்துக்கொண்டது. தொட்டித் தண்ணீர் மொத்தமும் சுவர் ஓரமாக ஆபீஸ் அறைக்குள் இறங்கியது. தொட்டி காலியானதோடு நின்றிருக்கும். ஆனால் தண்ணீர் குறைந்தால் தானாக ஓடி நிரப்புகிற மோட்டார் வைத்திருக்கிறோமே, அதுவும் நம் கடைச் சரக்குதான், அது மட்டும் அன்றைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாதபடி உழைத்தது. காலையில் ஷட்டரைத் தூக்கினால் ஆபீஸ் அறை நீச்சல் குளம். அந்த அறை இரண்டு படி பள்ளம் வேறு. நான் தரையில் வைத்து, உறை போட்டு, தூசு படாமல், திருடன் தொடாமல், தம்பியின் டீ கிளாஸ்கூட நெருங்காமல் காப்பாற்றி வந்த கம்ப்யூட்டரைத் தம்பி குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கிச் சாய்த்தான். மூக்கு வழியாகவும் காது வழியாகவும் தண்ணீர் கொட்டியது. "அண்ணே, இது இனிமே பேசாது" என்றான்.

வால்வை அடைக்க வந்த பிளம்பர் அதைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முதலாளி, இது லீக் அடிக்குதுன்னு நான் திருப்பிக் குடுத்த வால்வுதானே? சிவப்புப் பெயின்ட்ல நான் போட்ட குறி அப்படியே இருக்கே."

"ஒரே மாதிரி ஆயிரம் வால்வு இருக்கும்யா."

"குறி ஒண்ணுதான் முதலாளி இருக்கும்" என்று சொல்லிவிட்டு, கூலியை வழக்கத்தைவிடக் கூட்டி வாங்கிக்கொண்டு போனார். நான் பேரம் பேசவில்லை. பேசுகிற நிலைமையா அது?

கம்ப்யூட்டர் போனதுகூட இரண்டாம் பட்சம். அன்றைக்கு மதியத்துக்குள் ஆஸ்பத்திரி ஆர்டருக்கு விலை அனுப்பியாக வேண்டும். அந்தக் கட்டடத்தைக் கட்டுகிற இன்ஜினியர் அம்மா ரொம்பக் கறார். ஒவ்வொரு சாமானுக்கும் விலை, இருப்பு, தரச் சான்றிதழ், இதற்கு முன் எங்கே சப்ளை செய்தோம் என்ற விவரம், எல்லாம் ஒன்றாக வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் பேப்பரையே பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார். எதிர்க்கடைக்காரனும் போட்டியில் இருந்தான். அவன் வேறு காலையிலேயே நம் வாசலுக்கு வந்து, "அடடா, பாவம், ஏதாவது உதவி வேணுமா?" என்று பல் தெரியக் கேட்டுவிட்டுப் போனான். கட்டடம் கட்டுகிறவர்கள் குறைந்து கடை வருஷம் பூராவும் மந்தமாகப் போய்க்கொண்டிருந்ததை உங்களுக்கு நான் சொல்லவில்லை. இந்த ஆர்டர் போனால் குடோனில் வேலை செய்கிற இரண்டு பேரை நிறுத்த வேண்டியிருக்கும் என்று நானும் தம்பியும் பேசி வைத்திருந்தோம். அவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் பாட்டுக்கு என் அறையில் தண்ணீரை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு அவர்களோடு இறங்கினேன்.

அப்போதுதான் தம்பி, கிளவுட் என்றதும் மழை ஜோக் அடித்த அதே தம்பி, "அண்ணே, மாப்பிள்ளை ஏத்தினது மேல இருக்குமே!" என்றான். இரண்டு பேரும் ஈர பேன்டோடு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு ஓடினோம். அவரிடம் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. தம்பி, என் கண்ணில் படாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டை அடித்தான். கூட்டுத் தொழில் முழுகினாலும் கொள்கை முழுகவில்லை. திரையில் வந்தது: உங்கள் போனுக்கு ஒரு நம்பர் அனுப்பியிருக்கிறோம், அதை அடிக்கவும். எங்கள் இரண்டு பேர் போனும் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் உறைத்தது. நம்பர் மாடிக்குப் போயிருக்கிறது.

உங்கள் அத்தைக்குப் போன் போட்டேன். கட் செய்தாள். மறுபடியும் போட்டேன். மறுபடியும் கட். தம்பியை அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்து, "அண்ணி காபி குடுத்தாங்க. நம்பர் குடுக்கல. கேக்க வேண்டியவங்க வந்து கேக்கட்டும்னு சொல்லிட்டாங்க" என்றான். காபி குடித்த ஈரம் உதட்டில் இருந்தது. அதற்குள் அந்த நம்பர் காலாவதி ஆகி, புது நம்பர் போய், அதுவும் காலாவதி ஆனது. எனக்குப் பின்னால் சர்டிபிகேட் நகல் எடுக்க நின்ற அம்மா ஒருவர், யார் என்றே தெரியாது, "ஏங்க, வீட்டுல சண்டையா?" என்று கேட்டார். கடைசியாக என் மகளுக்கே போன் போட்டு, அம்மாவிடம் எடுத்துச் சொல்லம்மா என்று கெஞ்சினேன். உங்கள் வீட்டம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அப்பா, நம்பர் அம்மா போன்ல இருக்கு, மன்னிப்பு உங்க வாயில இருக்கு. நடுவுல நான் எதுக்கு?" வைத்துவிட்டாள்.

சரி, காரியம் பெரிதா வீரியம் பெரிதா என்று மாடி ஏறினேன். தம்பியைப் போன் லைனிலேயே இருக்கச் சொன்னேன். உங்கள் அத்தை சமையலறை வாசலில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒரு நம்பர் வந்திருக்கும்" என்றேன்.

"நிறைய வந்திருக்கு. எதைச் சொல்ல?"

"கடைசியா வந்தது."

"கடைசியா வந்தது இருக்கட்டும். முதல்ல நடந்ததைப் பேசுவோம். வால்வு சொட்டுதுன்னு சொன்னேனா, இல்லையா?"

"சொன்ன."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அது வந்து, கடையில கூட்டம்..."

"கூட்டத்துல சொன்னீங்க இல்ல? அப்ப கூட்டத்துலயே திருப்பி எடுத்துக்கோங்க. உங்க கடையில சரக்கைத் திருப்பி எடுக்கறது வழக்கம்தானே? திருப்பி எடுத்த சரக்கை வீட்டுல மாட்டறதுகூட வழக்கமாச்சே." சொல்லிவிட்டு என் கையிலிருந்த போனை வாங்கி, ஸ்பீக்கரைத் தட்டி, துணி மூட்டை மேல் வைத்தாள். "கொழுந்தனாரே, அங்க எத்தனை பேர் இருக்காங்க?"

"நல்ல கூட்டம் அண்ணி" என்றான் அந்தத் துரோகி.

மாப்பிள்ளை, நான் எத்தனையோ கம்பெனிக்காரனைப் பேரத்தில் மண்ணைக் கவ்வ வைத்தவன். அன்றைக்கு என் வீட்டுத் துணி மூட்டையின் முன் நின்று, "வால்வு சொட்டிச்சு, நீ சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு" என்று வாய்விட்டுச் சொன்னேன். போனில் ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றுவிட்டது. பிறகு அந்த சர்டிபிகேட் அம்மாவின் குரல், "சத்தமா சொல்லச் சொல்லுங்க, சரியாக் கேக்கல" என்றது. சத்தமாகவும் சொன்னேன். போதாததற்கு நானாகவே, "ஒரு வாஷிங் மெஷின் வாங்கித் தர்றேன்" என்றும் சேர்த்தேன். உங்கள் அத்தை கடைசித் துணியை மடித்து வைத்துவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும். விலையைப் பின்னால பேசிக்கலாம்" என்று சொல்லி, நம்பரை ஒவ்வொன்றாக வாசித்தாள். விலையைப் பின்னால் பேசலாம் என்று சொல்லிச் சரக்கைக் கொடுக்கிற வியாபாரி உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. மனசுக்குள் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். இன்றுவரை அவள் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பாவம், மறந்திருப்பாள்.

கதவு திறந்தது. அதை எப்படிச் சொல்ல? கீழே என் அறையில் நாற்காலி மிதக்கிறது. ஆனால் ஜெராக்ஸ் கடையில் என் கடை முழுசாக, ஒரு துளி ஈரம் இல்லாமல் இருக்கிறது. முந்தின நாள் பூட்டுவதற்கு முன் போட்ட கடைசி பில்கூட இருந்தது. இத்தனை வருஷம் நானே தேடினாலும் கிடைக்காத சான்றிதழ்கள், பேரைத் தட்டியதும் வந்து வரிசையில் நின்றன. தம்பி அந்தப் பக்கத்தை எல்லோர் போனுக்கும் அனுப்பினான். குடோன் ஆட்கள் தங்கள் போனில் இருப்பை எண்ணிப் போடப் போட, அந்த எண்ணிக்கை தம்பி விலை போடுகிற பக்கத்தில் அப்போதே மாறியது. அதே பக்கத்தை நான் மாடியில் உங்கள் அத்தையின் போனில் பார்த்தேன். முன்பெல்லாம் நான் ஒரு வேலைக்காகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் தம்பி எழுந்து நிற்க வேண்டும். அன்றைக்கு ஒரே பக்கத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வேலை செய்தோம், ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிக்கவில்லை. மாதா மாதம் வாடகையா என்று உங்களிடம் முகத்தைச் சுளித்தேனே, அந்தப் பழைய பெட்டிக்கு பேட்டரி, ரிப்பேர், ஆள் கூலி என்று அழுததை நினைத்தால் இந்த வாடகை கொசுக்கடி. இடம் போதவில்லை என்றால் கூட்டிக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் குறைக்கலாம், இப்படி ஒரு வீட்டுக்காரன் நமக்கு வாய்த்ததுண்டா?

விலைப்பட்டியலை அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒரு தரம் பார்த்தோம். அங்கேதான் என் வியாபார மூளை வேலை செய்தது. பட்டியலில் வால்வு என்ற இடத்தில் நம் குளியலறையைக் கவிழ்த்த அதே கம்பெனி வால்வு இருந்தது. அதுதான் மலிவு, அதுதான் போட்டியில் ஜெயிக்கும் என்று தம்பி போட்டிருந்தான். ஒரே நொடியில் முடிவெடுத்து, அதைத் தூக்கிவிட்டு, விலை கூடினாலும் பரவாயில்லை என்று நல்ல வால்வைப் போடச் சொன்னேன். சாயங்காலம் இன்ஜினியர் அம்மாவே போன் செய்தார். "உங்க விலை கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனா வந்த பட்டியல்ல அந்த மட்டமான வால்வைப் போடாதது நீங்க ஒருத்தர்தான். ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில அது பிய்ச்சுக்கிட்டா கீழ இருக்கிற நோயாளி என்ன ஆவார்? ஆர்டரை உங்களுக்கே குடுக்கறேன்" என்றார். எதிர்க்கடைக்காரன் இப்போது பல்லைக் காட்டுவதில்லை. குடோன் ஆட்கள் இரண்டு பேரும் வேலையில் இருக்கிறார்கள்; போதாமல் இன்னொருவரைச் சேர்க்கவும் யோசனை. இதற்கெல்லாம் நீங்கள் லீவைத் தியாகம் செய்து உட்கார்ந்ததுதான் காரணம். பெண்ணைக் கொடுக்கும்போது மாப்பிள்ளை என்ன சம்பளம் வாங்குகிறார் என்றுதான் விசாரித்தேன். இந்த விஷயத்தை விசாரிக்கவே இல்லை. வியாபாரத்தில் இதைத்தான் கொசுறு என்போம். சில சமயம் கொசுறு சரக்கைவிட உசத்தியாக அமைந்துவிடுகிறது.

இந்தக் கடிதத்தைக்கூடக் கடையின் கிளவுடிலேயே எழுதுகிறேன். இனி என் எழுத்து எதுவும் நனையாது. முடித்ததும் அச்சடித்துத் தபாலில் அனுப்புகிறேன், நன்றியைக் கையில் தொட்டுப் படிக்க வேண்டும் அல்லவா? என் மகளுக்கு என் ஆசீர்வாதம். போனை வைத்ததையும் மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள். பேத்தி கன்னத்தில் என் சார்பாக ஒரு முத்தம். நீங்கள் தொட்டது எல்லாம் நிலைத்து, எந்த வெள்ளத்திலும் முழுகாமல் நீடூழி வாழ வேண்டும்.

நன்றி மறவாத மாமனார்.

பின்குறிப்பு: மாப்பிள்ளை, அச்சடிக்கப் போனால் கடிதத்தின் ஓரத்தில் சிவப்பு எழுத்தில் குறிப்புகள் இருக்கின்றன. ஜெராக்ஸ் கடையில் இருக்கும்போது தம்பி அவன் அண்ணிக்கு அந்த ஒரு பக்கத்தோடு நிறுத்தாமல், கடையின் கிளவுட் முழுவதுக்கும் தனியாக ஒரு வாசல் திறந்துவிட்டானாம்; நான் எழுத எழுத உங்கள் அத்தை மாடியிலிருந்து வரி வரியாகப் படித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "என் வியாபார மூளை" என்ற இடத்துக்கு நேராக, "யாருடைய மூளை? உண்மையை எழுதவும்" என்று இருக்கிறது. எழுதுகிறேன். பட்டியலைத் தன் போனில் எட்டிப் பார்த்து, "இந்த வால்வையா ஆஸ்பத்திரிக்குப் போடப் போறீங்க?" என்று கேட்டது அவள். "மலிவா இருக்கே" என்று சொன்னது நான். மாற்று என்று தம்பியிடம் சொன்னதும் அவளே. "மறந்திருப்பாள்" என்ற இடத்துக்கு நேராக, "மறக்கவில்லை, விலை கீழே" என்று இருக்கிறது. ஆகவே மேலே எழுதிய பெருமையை எல்லாம் கழித்துவிட்டு, பேசி முடித்த விலையை மட்டும் எடுத்துக்கொள்ளவும்: கடையில் எனக்கும் தம்பிக்கும் இருக்கிற அதே அளவு பங்கு இனி உங்கள் அத்தைக்கும் உண்டு, எந்தப் புது வால்வும் எங்கள் பின்பக்கக் குளியலறையில் ஒரு மாதம் சொட்டாமல் இருந்த பிறகே கடைக்கு வாங்கப்படும், வாஷிங் மெஷின் தனி, கிளவுடின் நம்பர் அவள் போனுக்கே வரும், தேவைப்படும்போது நான் மாடி ஏறி வந்து நேரில் கேட்க வேண்டும், போனில் கேட்டால் கிடையாது.